பிடியரிசிக் கலயமும் கியூஆர் அட்டையும்

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வருகிறது. ஆமத்தூரைச் சுற்றியுள்ள பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு நம் குடியிருப்பின் சார்பில் நிரந்தரமான ஓர் உதவி நிதி தொடங்கலாமா என்பதுதான் அது. நிதி வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. எப்படித் திரட்டுவது என்பதில்தான் இரண்டு கட்சி. வாட்ஸ்அப் குழுவில் கியூஆர் அட்டையைப் போட்டுவிட்டால் போதும், இந்தக் காலத்தில் யார் மாடி மாடியாக ஏறி இறங்குவது என்கிறது ஒரு தரப்பு. ரசீதுப் புத்தகத்தோடு கதவைத் தட்டினால்தான் காசு வரும் என்கிறது இன்னொரு தரப்பு.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. நமக்குக் கிழக்கே விருதுநகர், மேற்கே சிவகாசி. பொதுக்காரியத்துக்குப் பணம் திரட்டுவதில் நூறு வருடத்துக்கும் மேலான அனுபவம் உள்ள ஊர்கள் இவை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மூட்டைக்கு இவ்வளவு

19ஆம் நூற்றாண்டில் விருதுநகர் (அன்றைக்கு விருதுபட்டி), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் நிலைபெற்றார்கள். பருத்தி, மிளகாய் வற்றல், புகையிலை என்று மாட்டு வண்டியில் சரக்கு போய்வந்த காலம். வழியில் கொள்ளை பயம் இருந்தது. அதனால் வண்டியையும் சரக்கையும் பத்திரமாக இறக்கி வைக்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டைக்கு ஆகும் செலவுக்காக, கைமாறும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். அதுதான் மகமை. நம்மில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. இன்றும் இந்தப் பக்கத்துச் சில கடைப் பில்களில் மகமை என்று ஒரு வரி இருப்பதைப் பார்க்கலாம்.

மகமைப் பணம் உறவின்முறை என்ற ஊர் அமைப்பிடம் சேர்ந்தது. குடும்பத் தலைவர்கள் முறை வைத்து வசூலையும் நிர்வாகத்தையும் பார்த்தார்கள். அவர்களுக்கு முறைக்காரர் என்று பெயர். இன்று வசூலிக்கிறவர் நாளை கொடுக்கிறவராக இருப்பார். இன்று கணக்குக் கேட்கிறவர் அடுத்த முறை கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே ஆள் கையில் பெட்டிச் சாவி நெடுநாள் தங்காத ஏற்பாடு இது.

பேட்டைக்காகத் தொடங்கிய பணம், பிறகு கிணறு, கோவில், சாவடி, பள்ளிக்கூடம் என்று விரிந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளி எழுந்தது. கே.வி.எஸ். பள்ளி என்று நாம் சொல்வது அதைத்தான்.

அடுப்படியில் ஒரு கலயம்

மகமை வணிகர் கொடுத்தது. கடை இல்லாத வீடுகள் என்ன கொடுக்கும்? அதற்குக் கண்ட வழிதான் பிடியரிசி. சோறு பொங்க அரிசி அளக்கும்போது, களைந்து உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். பள்ளியின் சார்பில் ஆள் வந்து வீடு வீடாக அதை வாங்கிப் போவார். சேர்ந்த அரிசி, பிள்ளைகளின் இலவசப் படிப்புக்குத் துணையானது. 1903இல் பிறந்த காமராசர் படித்தது இப்படிப் பிடியரிசியில் வளர்ந்த அந்தப் பள்ளியில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி அரிசி சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. கொடுக்கிற வீட்டில் யாருக்கும் வயிறு குறையாது. நூறு வீடு கொடுத்தால் 150 கிலோ, இரண்டு மூட்டை.

இந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, கொடுத்தது வீட்டுப் பெண்கள். கல்லாப் பெட்டி ஆண்கள் கையில் இருந்த காலத்தில், அரிசிப் பானை பெண்கள் கையில் இருந்தது. அவர்கள் யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்தது. இரண்டாவது, கொடுப்பது தினசரிப் பழக்கமானது. என்றைக்கோ ஒரு நாள் மனம் இளகிக் கொடுப்பதல்ல. சோறு பொங்குகிற ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தின் நினைப்பு ஒருமுறை வந்து போகும். மூன்றாவது, வாங்க வருகிறவர் தெரிந்த ஆள். கலயம் காலியாக இருந்தால், 'என்னம்மா, உடம்பு சரியில்லையா?' என்று கேட்டுவிட்டுப் போவார். வசூலும் விசாரிப்பும் ஒரே நடையில் முடிந்தன.

அந்தப் பள்ளியைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்கு எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவு காசு வாங்கினார்களாம். பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கையில் முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற சிறுவன் காமராசருக்குக் கொஞ்சம்தான். 'எல்லாரிடமும் ஒரே மாதிரி காசு வாங்கினார்களே, பங்கு மட்டும் ஏன் ஒரே மாதிரி இல்லை?' என்று வீட்டில் வந்து கேட்டானாம். வசூல் செய்கிற எந்தச் சங்கமும் மறக்கக் கூடாத கேள்வி.

வட்டத்துக்கு வெளியே

மகமைக்கும் பிடியரிசிக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது சாதி என்ற வட்டத்துக்குள் பிறந்த நம்பிக்கை. 1897இல் கமுதிக் கோவில் நுழைவுத் தகராறு, 1899இல் சிவகாசிக் கலவரம் என்று அந்தக் காலம் கடுமையாக இருந்தது. கோவில் மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று கோவிலும் கிணறும் பள்ளியும் கட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமென்றால், ஒருவரையொருவர் தெரியாதவர்களிடையிலும் நம்பிக்கை வர வேண்டும். அதற்கு வீட்டு வாசல் மட்டும் போதாது. தூரத்துச் செய்தியைக் கொண்டுவரும் ஒரு சாதனமும் வேண்டும்.

காந்தி இதை நன்றாக அறிந்திருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதம் அவர் நடத்திய அரிசனப் பயணம் 12,500 மைல் நீண்டது. 1934இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்தார். நாடு முழுவதிலும் சுமார் 8 லட்சம் ரூபாய் சேர்ந்தது. அந்தப் பயணத்துக்கு முன்பே 'ஹரிஜன்' வார இதழைத் தொடங்கியிருந்தார். எதற்காகப் பணம் என்பதை இதழ் வாராவாரம் சொன்னது. பணம் கேட்கும் வேலையை அவர் நேரில் செய்தார். கையெழுத்துக் கேட்டால் 5 ரூபாய் கட்டணம். அன்பளிப்பாக வந்த வெள்ளிப் பேழையை மேடையிலேயே ஏலம் விடுவார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். பத்திரிகை போகாத ஊருக்கு அவர் போனார். அவர் போக முடியாத வீட்டுக்குப் பத்திரிகை போனது. அன்றைய ஆன்லைன் என்றால் அச்சு இதழும் தந்தியும்தான்.

என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள்

பிடியரிசிப் பள்ளியில் படித்தவர் 1954இல் முதலமைச்சரானார். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் ஆரம்பத்தில் ஊராரின் பங்கு பெரிது. அரசுப் பணம் வந்த பிறகும் செலவில் ஒரு பகுதியை உள்ளூர்க்காரர்களே ஏற்றார்கள். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, அடுத்த கட்டமாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய இயக்கம், மாவட்டம் மாவட்டமாகப் பரவியது.

அதன் முறை எளிமையானது. 'கல்விக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியல் போட்டார்கள். கூரை மாற்ற வேண்டும், பெஞ்சு வேண்டும், கரும்பலகை வேண்டும், சுவர்க் கடிகாரம் வேண்டும், இத்தனை பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டும். நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். தச்சர் வேலை செய்து கொடுத்தார். கடைக்காரர் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்தவர்களை மாநாட்டு மேடையில் ஊரறியப் பாராட்டினார்கள். கடிகாரம் கொடுத்தவர் அந்தப் பள்ளி வழியாகப் போகும்போதெல்லாம் அது ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

நம் ஆட்கள் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைப்பதைக் கேலி செய்கிறோம். கேலி நியாயம்தான். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. தான் கொடுத்தது எங்கே இருக்கிறது, எரிகிறதா என்பதைக் கொடுத்தவர் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார். அதைக் காட்டினால் அடுத்த முறையும் கொடுப்பார்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வளர்ச்சியிலும் இதே பாடம். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும் 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். கண் முகாம்களை மருத்துவமனை தனியாக நடத்தவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சேவைச் சங்கமோ, மில்லோ, வங்கியோ, கோவில் கமிட்டியோ முன்வந்து இடம் பிடித்து, நோட்டீஸ் அடித்து, ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்து ஆட்களை அழைத்து வரும். மருத்துவர்கள் வந்து பரிசோதிப்பார்கள். அறுவை தேவைப்பட்டவர்கள் பஸ்ஸில் மதுரைக்குப் போய், பார்வையோடு ஊர் திரும்புவார்கள். 2004க்குப் பிறகு சிறு ஊர்களில் கண் பார்வை மையங்கள் அமைத்து, அங்கிருந்தே இணைய வழியாக மருத்துவருடன் பேச ஏற்பாடு செய்தார்கள். இணையம் வந்ததால் ஊரில் ஆள் தேவையில்லை என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. ஊரில் ஓர் ஆளை உட்கார வைத்து, அவர் கையில் இணையத்தைக் கொடுத்தார்கள்.

கைபேசி வந்த பிறகு

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ட்விட்டரும் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் செய்த வேலையை நாம் அறிவோம். யாருக்குப் படகு வேண்டும், எங்கே பால் பவுடர் இல்லை என்ற செய்தி நொடியில் பரவியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. உதவி கிடைத்து முடிந்த வீட்டின் செய்தியே மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் செய்து, 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்டுப் பட்டியலைச் சரிசெய்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றவர் சொன்னதுதான் கடைசியில் நம்பகமான தகவல்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல், காவிரிக் கடைமடையின் தென்னையைச் சாய்த்தது. பேராவூரணிப் பகுதியில் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்த்த இளைஞர்கள் ஊர் திரும்பி விவசாயிகளோடு சேர்ந்தார்கள். 'கைஃபா' என்று அறியப்படும் கடைமடை விவசாயிகள் அமைப்பு, பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரும் வேலையில் இறங்கியது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாகப் பணம் வந்தது. உள்ளூரில் கைக்காசும் உழைப்பும் வந்தன. மொய் விருந்துக்குப் பேர் போன பகுதி அது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று நோட்டில் எழுதி, தலைமுறை தாண்டியும் திருப்பிச் செய்யும் ஊரில் பொதுக்கணக்கு எழுதுவது யாருக்கும் புதிதல்ல.

கடல் தாண்டிய உதாரணம் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கை. அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தார்கள். தேவைப்பட்டதோ 60 லட்சம் டாலர். இணையதளத்தில் எந்த நாட்டிலிருந்தும் பணம் கட்டலாம் என்று வழி வைத்தார்கள். அதோடு நிற்காமல் தமிழ்ச் சங்க விழாக்களிலும் கூட்டங்களிலும் நேரில் போய்ப் பேசினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. பெரிய தொகைகளோடு எத்தனையோ சிறிய தொகைகளும் சேர்ந்து 2018இல் இலக்கு எட்டப்பட்டது.

2016இல் யுபிஐ வந்தபின் 50 ரூபாய் அனுப்புவதும் ஒரு தட்டுத்தான். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தில், எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று இணையத்தில் பார்த்துக் கொடுக்க முடிகிறது. சுந்தரவடிவேலு காலத்துத் தேவைப் பட்டியல்தான் இன்று திரைக்கு வந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர், முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை.

ஒவ்வொரு முறையும் நடப்பதை நாம் பார்க்கிறோம். முதல் மூன்று நாள் கைபேசி நிறையப் படங்கள், அழுகைக் குறிகள், பணம் கேட்டு எண்கள். எது உண்மையான எண் என்று யாருக்கும் தெரியாது. நல்ல மனத்தோடு சிலர் அனுப்புகிறார்கள். பலர் ஏமாந்துவிடுவோமோ என்று தயங்கி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வாரத்தில் குழுவில் பேச்சு மாறிவிடும். தீக்காயம் ஆறுவதற்கோ மாதக்கணக்கு ஆகும். தாயை இழந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க இன்னும் ஐந்து வருடம் ஆகும். அந்தப் பிள்ளைக்கு ஜூன் மாதம்தோறும் நோட்டும் செருப்பும் பஸ் செலவும் வேண்டும். யாரும் எதையும் பகிராத ஜூன் மாதத்திலும் வேண்டும்.

செய்தி பார்த்த வேகத்தில் கொடுக்கும் பணத்தால் ஐந்து வருடம் தாங்க முடியாது. பிடியரிசி மாதிரியான பழக்கத்தால் முடியும். அதனால்தான் கைபேசியா, கதவா என்ற வாதத்தில் எனக்குத் தனிக் கட்சி இல்லை. கைபேசி செய்தியையும் பணத்தையும் கொண்டுபோகட்டும். பழக்கத்தையும் நம்பிக்கையையும் கதவு உண்டாக்கட்டும்.

கூட்டத்தில் யோசிக்கச் சில

தொகை சிறியதாக இருக்கட்டும். மாதாமாதம் என்பது உறுதியாக இருக்கட்டும். 100 ரூபாய் என்றால் 100. அதற்கு மேல் கொடுப்பது அவரவர் விருப்பம். கைபேசியில் அனுப்பினாலும், கையில் கொடுத்தாலும் ஒரே ரசீது, ஒரே மரியாதை. நம் குடியிருப்பில் கைபேசியில் பணம் அனுப்பத் தெரியாத பெரியவர்கள் பலர். அவர்களிடம் கேட்கவே போகாவிட்டால், கொடுக்கிற உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டதாக ஆகும்.

தளத்துக்கு ஒரு முறைக்காரர் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். யாருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டாம். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும்.

பள்ளித் தலைமையாசிரியர்களிடம் பேசித் தேவைப் பட்டியல் வாங்குவோம். என்ன வாங்கினோம், எவ்வளவு மீதி என்ற கணக்கை வாட்ஸ்அப் குழுவிலும், லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி போடுவோம். வருடத்துக்கு ஒருமுறை விருப்பமுள்ளவர்கள் பள்ளிக்குப் போய் வரலாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். பெஞ்சையும் நூலக அலமாரியையும் படம் எடுத்தால் போதும்.

வரிச்சலுகை பற்றிச் சிலர் கேட்டார்கள். 80ஜி சான்று பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் அந்தக் கழிவு உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு இல்லை. மாதம் 100 ரூபாய்க்கு இதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை என்றாலும், பெரிய தொகை தர நினைப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வட்டம். மகமைக்கு இருந்த எல்லை நம் நிதிக்கு வேண்டாம். கேட்டுக்கு உள்ளே குடியிருப்பவர்கள் கொடுப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் வாங்குபவர்கள் என்று பிரித்துவிடக் கூடாது. நம் காவலாளிகளும், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்களும் பத்து ரூபாய் கொடுக்க விரும்பினால் அவர்களுக்கும் ரசீது உண்டு. கணக்குக் கேட்கிற உரிமையும் உண்டு.

தீர்மானத்தின் நகல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் வரும். படித்துவிட்டு உங்கள் தளத்தில் யார் முதல் முறைக்காரர் என்று பேசி முடிவு செய்துகொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.